பங்கோர் படகும் பப்பேட்டே மேசையும்

சித்தியவானிலிருந்து லுமுட் படகுத்துறை பக்கம்தான். அங்கே படகேறினால் பங்கோர் தீவு. திங்கட்கிழமை காலையில் எக்ஸெலைத் திறக்கும்போதெல்லாம், இதை மூடிட்டு அந்தப் படகில் ஏறிடலாமா என்று எனக்குத் தோன்றும். ராஜினாமா கடிதம்கூட எழுதி வைத்திருக்கிறேன். அந்த மனநிலையில்தான் சாமர்செட் மாமின் ‘தி மூன் அண்ட் சிக்ஸ்பென்ஸ்’ (1919) நாவலைப் படித்தேன்.

லண்டன் பங்குத் தரகரான ஸ்ட்ரிக்லண்ட் நாற்பது வயதில் மனைவி, பிள்ளைகளை விட்டுவிட்டு ஓவியம் வரையப் பாரிஸ் போகிறான். கடைசியில் தஹிதித் தீவு. முதல் வாசிப்பில், என் கடிதத்துக்கு யாரோ கையெழுத்துப் போட்ட மாதிரி இருந்தது.

இரண்டாம் வாசிப்பில் ஒரு கேள்வி வந்தது: தீவில் அவனுக்குச் சோறு போட்டது யார்? அட்டா என்ற பதினேழு வயதுத் தீவுப் பெண். நிலம் அவளுடையது. சமைக்கிறாள், பிள்ளை பெறுகிறாள், தொழுநோய் வந்ததும் அவனைப் பார்த்துக்கொள்கிறாள். அவனுக்கு விடுதலையாகத் தெரியும் தீவு அவளுக்குத் தினசரி வேலை. நாவல் அவள் மனசுக்குள் ஒரு தடவைகூட எட்டிப் பார்ப்பதில்லை.

ஸ்ட்ரிக்லண்டுக்கு முன்மாதிரி ஓவியர் பால் காகின். அவரும் பங்குச்சந்தையில் வேலை பார்த்தவர். ஆனால் 1882இல் பாரிஸ் சந்தை சரிந்த பிறகுதான் அந்த வேலையும் போனது. 1891இல் தஹிதிக்குப் போனார். 1898இல் கையில் காசில்லாமல், பப்பேட்டே நகரப் பொதுப்பணி அலுவலகத்தில் வரைபடம் வரையும் வேலைக்குச் சேர்ந்தார். தீவிலும் அலுவலகம்தான், மேசைதான்! மாம் இந்த மேசையை நாவலுக்குள் விடவில்லை. நாவலாசிரியருக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் அது இல்லாததால், அலுவலகம் என்பது கடல் தாண்டினால் முடிந்துபோகும் இடம் என்று என்னைப் போன்றவன் நம்பிவிடுகிறான்.

மாம் ஒரே வரியில் தாண்டிப்போகும் ஒரு தகவல்தான் இப்போது எனக்கு முக்கியமாகப் படுகிறது. வேலையை விடுவதற்கு முன் ஸ்ட்ரிக்லண்ட் ஒரு வருடம் இரவு வகுப்பில் ஓவியம் படித்திருக்கிறான். அந்த வருடத்தை யாராவது நாவலாக எழுதியிருக்கலாம்.

நமக்கு அந்த மாதிரி ஓர் ஆள் இருந்தார்: ப. சிங்காரம். சுமத்ராவின் மேடானில் வேலை பார்த்து, போர் முடிந்தபின் ஊர் திரும்பி, மதுரை ‘தினத்தந்தி’யில் சுமார் நாற்பது வருடம் வேலை செய்தார். 1972இல் வெளிவந்த ‘புயலிலே ஒரு தோணி’ அந்த வேலையில் இருந்துகொண்டே அவர் எழுதியதுதான். தீவு அவருக்குப் பின்னால் இருந்தது, அலுவலகம் முன்னால் இருந்தது. எழுத்து நடந்தது.

பங்கோரில் பிறந்த என் நண்பன் ஒருவன் தினமும் காலைப் படகில் லுமுட்டுக்கு வேலைக்கு வருகிறான். என் ஆசையைச் சொன்னதும் சிரித்தான். “அங்க வந்து என்னடா செய்வே?”

கடிதத்தை நான் இன்னும் அழிக்கவில்லை. அவன் கேள்விக்குப் பதில் கிடைக்காமல் அனுப்பவும் போவதில்லை.