அலெக்சாந்தரும் நிமித்தங்களும்

மாசிடோனிய வேந்தன் அலெக்சாந்தர் வேள்வி வேட்டு நிமித்தம் நோக்கிப் போர்புரிந்தான் என அரியன், புளூடார்க்கு என்னும் நூலாசிரியர் இருவரும் உரைப்பர். அதுகொண்டு அவனை இறையன்பின் மிக்கோன் எனத் துணிதல் சாலுமோ?

கி.மு. 331-இல் காகமேலாப் போருக்குச் சின்னாள் முன்னர்த் திங்களை இருள் மறைத்தது. நிமித்திகன் அரிஸ்டாந்தர் அதனை நற்குறி என்றான். வேந்தன் உவந்து ஏற்றான். 329-இல் சிர்தரியா ஆற்றங்கரையில் அந்நிமித்திகனே தீக்குறி கூறினான். வேந்தனோ அதனைப் பொருட்படுத்தாது ஆற்றைக் கடந்தான். 326-இல் பியாசு ஆற்றங்கரையிற் படைஞர் மேற்செல்ல மறுத்தனர். மூன்று நாள் கூடாரத்துள் ஒடுங்கியிருந்து, பின்னரே வேள்வி வேட்டுக் குறி தீதெனக் கண்டு மீண்டான். தாலமியின் கூற்றாக இவ்வேள்விக் குறியைக் குறிக்கும் அரியன், மறுப்பின் பின்னரே அதனை வைத்துரைப்பர். ஈண்டுக் குறி, மீள்வதற்கொரு மானக்காப்பு ஆயிற்றென்றே கொள்ளக் கிடக்கின்றது.

323-இல் பாபிலோனில், இறுதி நாள்களில், அரண்மனை நிமித்திகரால் நிறைந்ததெனக் கூறும் புளூடார்க்கு, தெய்வத்தை மதியாமையும் மூடவச்சமும் ஒருங்கே தீயன என்றனர். அத்தீர்ப்பே நேரிது. குறி நாடுவோன் தன் விழைவையே நாடுகின்றான்; அன்பனோ தன் விழைவையே இறைவன்பால் ஒப்புவிக்கின்றான். இவ்வேறுபாடு அறிஞர் உளங்கொளற்பாலது.