மந்திரமும் தீர்ப்பும்: ‘டார்க் சன்’ போரரங்கு பற்றிய ஒரு நோக்கு

ஆட்டமொன்றைத் திறனாய்வுக்குரிய பொருளாகக் கொள்ளுதல் சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். எனினும், பலர் ஒருங்குகூடிக் கதையொன்றைச் சொல்லாற் கட்டியெழுப்பும் ஆட்டம், விளையாட்டுக்கும் நாடகத்துக்கும் இடைப்பட்ட ஒரு கலைவடிவமாகும். 1974 ஆம் ஆண்டில் கரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரின் ஆக்கமாக ஐக்கிய அமெரிக்காவில் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ இவ்வகையில் முதன்முதல் விற்பனைக்கு வந்ததாகும். ஆடுவோர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்பர். நடுவர் ஒருவர் கதையுலகையும் அதிலுள்ள ஏனைய மாந்தரையும் தமதாக்கி நடத்துவார். ஐயத்துக்குரிய செயல்களின் பேறு பகடையாலே துணியப்படும். பகடையாலும் விதிநூலாலும் துணிய முடியாதவை நடுவரின் தீர்ப்புக்கு விடப்படும். இத்தீர்ப்பதிகாரம் எத்தகையது, அது யாருக்குரியது என்னும் வினாக்கள் வெறும் விதிநுட்பம் சார்ந்தவையல்ல. உருவத்துக்கும் உள்ளடக்கத்துக்கும் இடையிலான உறவு பற்றி நமது திறனாய்வாளர் நெடுங்காலமாக எழுப்பிவந்த வினாவின் மற்றொரு வடிவமே அவையாகும்.

நடுவர் என்னும் நிறுவனத்தின் வரலாற்றை முதற்கண் நோக்குதல் தகும். பிரஷ்யப் படையதிகாரியான இளைய ரைஸ்விற்ஸ் 1824 இல் வெளியிட்ட போர்ப்பயிற்சி ஆட்டத்தில், இழப்புக்கள் பகடையையும் அட்டவணைகளையும் கொண்டு கணிக்கப்பட்டன. 1876 இல் வேர்டி டு வேர்னுவா என்னும் தளபதி, அட்டவணைகளைக் கைவிட்டு, அனுபவம் வாய்ந்த அதிகாரியின் மதிப்பீட்டுக்கே முடிவை விடலாம் என்றார். 1880 இல் சார்ள்ஸ் டோட்டன் ஐக்கிய அமெரிக்காவில் வெளியிட்ட ‘ஸ்ட்ரற்றெகோஸ்’ என்னும் நூலும் நடுவருக்குப் பரந்த அதிகாரம் வழங்கிற்று. 1960களில் அந்நூலைக் கற்ற மினசோட்டா இளைஞரான டேவிட் வெஸ்லி, அந்நடுவரைத் தமது நண்பர்களின் ஆட்டத்துக்குக் கொணர்ந்தார். ஆர்னசன் அந்த வட்டத்தைச் சேர்ந்தவர். ஆகவே, மேலதிகாரி தீர்ப்பளிக்கக் கீழுள்ளோர் ஏற்கும் படைத்துறைப் படிநிலை ஒன்று, பொழுதுபோக்கின் வடிவத்துள் புகுந்தது எனலாம். எழுதப்பட்ட விதி, தனிமனித விவேகம் ஆகிய இரண்டையும் இணக்கப்படுத்தாமலே இவ்வாட்டம் சுவீகரித்துக்கொண்டது.

இம்முரண்பாடு மந்திரத்திலேயே கூர்மையடைகின்றது. வாள்வீச்சு ஓர் எண். பகடை விழுந்ததும் அதன் பேறு தெரிந்துவிடும். மந்திரமோ ஒரு வாக்கியம். வாக்கியத்துக்குப் பொருள்கோள் வேண்டும். 1978 இல் வெளிவந்த விதிநூலில் ‘தீக்கோளம்’ என்னும் மந்திரம் ஏறத்தாழ 33,000 கன அடி வெளியை நிரப்புவதாகவும், தான் வெடிக்கும் இடத்தின் வடிவத்துக்கேற்பப் பரவுவதாகவும் வகுக்கப்பட்டது. போரரங்கொன்றில் மந்திரவாதி ஒருவன் இதனை ஏவுகின்றான் என்க. அவனுடைய எதிரி, பார்வையாளர் படிகளின் கீழுள்ள, பத்தடி அகலமும் பத்தடி உயரமும் கொண்ட வழியினுள் ஒதுங்கிவிடுகின்றான். கணக்கின்படி தீ அவ்வழியில் 330 அடி தூரம் பரவவேண்டும். ஆனால், வாயில் திறந்திருப்பதால் அதிற் பெரும்பகுதி வெளியே பாய்ந்து ஏவியவனையே எரிக்குமா? நூல் இதற்கு விடை கூறவில்லை, நடுவரே கூறவேண்டும்.

நிலவறையில் இத்தகைய தீர்ப்பாற் பாதிக்கப்படுவது பெரும்பாலும் நடுவரே இயக்கும் அரக்கனாகும். அரங்கில் ஆடுவோர் இருவர் ஒருவரையொருவர் எதிர்க்குமிடத்து நிலைமை வேறு. அங்கு நடுவரின் ஒவ்வொரு சொல்லும் ஒருவருக்குக் கொடுப்பதை மற்றவரிடமிருந்து எடுக்கின்றது. ஆதலின், தீர்ப்பின் நியாயம் வெளிப்படையாகக் கூறப்படுதலும், அதே நியாயம் மறுதரப்புக்கும் பொருந்துதலும், செயலைத் துணியுமுன் அதன் விளைவை ஆடுவோர் ஊகிக்க இயலுதலும் இன்றியமையாதனவாகின்றன. 2014 இல் வந்த ஐந்தாம் பதிப்பு, கன அளவாலன்றி, இருபது அடி ஆரை என வரையறுத்ததன் மூலம் இச்சிக்கலைப் பெருமளவு தவிர்த்தது. இதனால் உறுதி கிடைத்தது. இடத்தின் அமைப்பையே தனக்குத் துணையாக்கும் ஆடுவோரின் மதிநுட்பத்துக்கிருந்த வாய்ப்பு குறைந்தது. விதியைப் பெருக்குதல் தீர்ப்பதிகாரத்தைச் சுருக்கலாம், அதனை மக்கள்மயப்படுத்திவிடாது.

இப்பின்னணியிலேயே 1991 இல் ரி.எஸ்.ஆர். கம்பனி வெளியிட்ட ‘டார்க் சன்’ என்னும் கதையுலகு சிறப்பாக நோக்கற்பாலது. ரிமதி பிரவுண், ட்ரோய் டெனிங் ஆகியோர் வடிவமைத்த இவ்வுலகு ஒரு பாலைநிலம். மந்திரவாதிகளான மன்னர்கள் நகரங்களை ஆள்கின்றனர்; அடிமைகள் அரங்குகளிற் பொருது மடிகின்றனர். மந்திரத்துக்கு வேண்டிய சக்தி தாவரங்களின் உயிரிலிருந்து பெறப்படுகின்றது. பொறுப்பின்றி அதனைப் பறிப்போரின் காலடியில் நிலம் சாம்பலாகின்றது. மந்திரம் வலுக்கும்தோறும், நிலம் வறியதாகும்தோறும் சாம்பலின் பரப்பு விரியும் என விதியே வகுத்துள்ளது. பிறர் உயிரை உறிஞ்சியே ஆதிக்கம் வளர்கின்றது என்னும் உண்மை, அறிவுரையாகவன்றி ஆட்டத்தின் கணக்காகவே அமைந்துள்ளமை மனங்கொள்ளத்தக்கது. உள்ளடக்கம் உருவமாகிய அரிய தருணம் இது.

ஆயின், அதே ஆண்டில் டேவிட் குக் எழுதிய ‘பிரீடம்’, அதாவது ‘விடுதலை’ என்னும் ஆட்டக்கதையில் இவ்விணைவு குலைகின்றது. ஆடுவோரின் பாத்திரங்கள் டைர் நகரில் அடிமைகளாகி, கலக் என்னும் மன்னன் கட்டும் பெரும் படிக்கோபுரத்தில் உழைக்கின்றனர். கோபுரம் நிறைவுறும் நாளிற் போரரங்கில் விழா நடைபெறுகின்றது. திரண்டிருக்கும் மக்களின் உயிரை உறிஞ்சித் தன்னை உயர்த்திக்கொள்ள முனைகின்றான் மன்னன். பயிரை உறிஞ்சிய மந்திரம் மனிதரையே உறிஞ்சும் இக்கட்டம், அவ்வுலகின் தர்க்கரீதியான உச்சமாகும். எனினும், கொடுங்கோலனை வீழ்த்துஞ் செயல் ஆடுவோருக்குரியதன்று. அதே ஆண்டில் வெளிவந்த டெனிங்கின் நாவலின் வீரர்களுக்கே அது முன்னரே ஒதுக்கப்பட்டுள்ளது. ஆடுவோருக்கு எஞ்சுவது அரங்கினுள் உயிர்தப்பும் முயற்சியே. விடுதலையைப் பாடும் கதை, விடுதலையை நிகழ்த்தும் உரிமையை ஆடுவோருக்கு மறுக்கின்றது. நாவலும் ஆட்டமும் ஒரே கம்பனியின் பண்டங்களாதலின், ஒன்றன் முடிவை மற்றையது மாற்றிவிடலாகாது என்னும் வணிகத் தேவை இதற்குக் காரணமாயிற்று எனக் கொள்ளுதல் பொருந்தும். இங்கு தீர்ப்பளிப்பவர் மேசையிலிருக்கும் நடுவருமல்லர். அவருக்கு முன்பே தீர்ப்பு அச்சேறிவிட்டது.

ஒரு நெடுங்கதையை வழிப்படுத்த ஆசிரியருக்கு உரிமையில்லையா என ஒருவர் வினவலாம். நாவலாசிரியருக்கு அவ்வுரிமை உண்டு. வாசகர் அதனை அறிந்தே நூலை எடுக்கின்றார். ஆட்டத்திலோ, செயற்படுமாறு அழைக்கப்பட்டவர் மீண்டும் பார்வையாளராக்கப்படுகின்றார்.

இவ்விடத்து ஓர் ஒப்பீடு பயன்தரும். ‘டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ வெளிவந்த அதே 1974 இலேயே, பிரேசில் நாட்டு நாடகாசிரியர் அவுகுஸ்தோ போல், ஒடுக்கப்பட்டோர் அரங்கு பற்றிய தமது நூலை ஆர்ஜென்ரீனாவில் வெளியிட்டார். அவர் வளர்த்த விவாத அரங்கில் பார்வையாளர் மேடையேறிக் கதையின் போக்கை மாற்றுவர். நடைமுறைக்கு ஒவ்வாத தீர்வொன்றை எவரேனும் முன்வைத்தால், ‘இது மந்திரமா?’ என்று நெறியாளர் சபையிடமே வினவுவார். சபை கூடித் துணியும். ஒருபுறம் மந்திரத்தின் எல்லையைத் தனியொருவர் வகுக்கின்றார். மறுபுறம் அதனைக் கூட்டம் வகுக்கின்றது.

நடுவரை அகற்றிவிடவேண்டும் என்பது இதன் முடிபன்று. ஐயம் எழும்போது எவரேனும் ஒருவர் சொல்லைத் தொடங்கவேண்டும். ஆனால், அவர்தம் நியாயத்தை மேசையைச் சூழ்ந்தோர் வினவவும் திருத்தவும் இயலவேண்டும். பிரஷ்யத் தளபதியின் அதிகாரம் அப்போதுதான் கூட்டுப் படைப்பாக மாறும். டைர் நகரின் அரங்கில் ஈட்டியை எறியவேண்டியவர் எவர் என்பதை அந்த அரங்கில் இருப்போரே துணியவேண்டும்.