'ஒன்று' என்னும் சொல்லும் இரு காப்பியங்களும்

பெங்களூர்ச் சிவாஜிநகரில் தூய மரியன்னை பேராலயமும் பள்ளிவாசலும் நடந்து செல்லும் தொலைவிலேயே உள்ளன. இரண்டிலும் தமிழர், இறைவன் ஒருவனே என்று தொழுகின்றனர். 'ஆகவே இரு சமயங்களும் கூறுவது ஒன்றே' என மேடைகளில் முழங்கிவிடுகிறோம். அது நல்லெண்ணத்தில் பிறந்த முழக்கமே. எனினும் சீறாப்புராணத்தையும் தேம்பாவணியையும் ஊன்றிக் கற்போர்க்கு அது நிறைவு தராது.

உமறுப்புலவரின் சீறா 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றியது; வீரமாமுனிவரின் தேம்பாவணி 1726இல் நிறைவுற்றது. கடவுள் வாழ்த்தில் உமறு, அணுவினுள்ளும் அணுவாய் நிற்கும் பேரொளியைப் போற்றுகிறார். முனிவரோ மூவுலகையும் ஆக்கி, அளித்து, அழிக்க வல்ல ஒப்பற்ற கடவுளின் மலரடியைப் பணிகிறார். இருவர் சொல்லாட்சியும் பண்டைத் தமிழ்ப் பக்தி மரபினதே. வாழ்த்தை மட்டும் படிப்போர்க்கு வேறுபாடு புலப்படாது.

கதைப்போக்கிலேதான் அது புலப்படுகிறது. சீறாவில் இறைவன் கதைமாந்தனாக வருவதில்லை. திருவசனம் வானவர் சிபுறயீல் வாயிலாகவே இறங்குகிறது. நபிகள் நாயகத்தை எத்துணை உயர்த்திப் பாடினும், அவரை இறைவனின் அடியாராகவும் தூதராகவுமே புலவர் நிறுத்துகிறார். இறைவன் எவரையும் பெற்றவனல்லன், எவராலும் பெறப்பட்டவனுமல்லன் என்னும் திருக்குர்ஆனின் 112ஆம் அத்தியாயக் கொள்கையே இக்காப்பியத்தின் வரம்பு. தேம்பாவணியிலோ சூசையாகிய வளன், தான் கையிலேந்தி வளர்க்கும் குழவியையே கடவுளெனத் தொழுகிறான். மகன் தந்தையோடு ஒரே பொருளானவர் என்று 325ஆம் ஆண்டு நைசியா சங்கம் வகுத்த கொள்கையின் காப்பிய வடிவம் இது. பிதா, சுதன், தூய ஆவி என மூவராயினும் கடவுள் ஒருவரே என்பது கிறித்தவர் துணிபு. இசுலாமியர்க்கோ அது இணைவைத்தலாகும்.

'கர்த்தன்' என்னும் ஒரு சொல்லே இதற்குச் சான்று. உமறு தம் முதற்பாட்டிலேயே படைத்தவனை அச்சொல்லால் குறிக்கிறார். நபிகளுக்கு அதனை அவ்வாறு சூட்ட அவர் சமயம் இடந்தராது. சீர்திருத்தச் சபையாரின் தமிழ் விவிலியத்திலோ இறைவனும் கர்த்தர், இயேசுவும் கர்த்தர். சொல் ஒன்று, அது சென்று நிற்கும் எல்லை வேறு.

இவ்வேறுபாட்டை மறைப்பது ஒற்றுமைக்கு உதவாது. இரு புலவரின் நெஞ்சத்தையும் அது மறைத்துவிடும். அண்டை வீட்டார் எதனை நம்புகின்றனர் என்பதை உள்ளவாறு அறிந்து போற்றுவதே மெய்யான நட்பு. அவ்வறிவுக்குத் தமிழ் திறந்து வைத்துள்ள இரு வாயில்கள் இக்காப்பியங்கள். இரண்டையும் அருகருகே வைத்துக் கற்போமாக!