சிங்கப்பூரில் கருப்பொருள்: திணைக் கல்வி குறித்து ஒரு நோக்கு

தொல்காப்பியம் வகுத்த முதல், கரு, உரி என்னும் மூன்றனுள் உரிப்பொருளுக்கே இன்று நாம் மிகுந்த கவனம் தருகிறோம். கருப்பொருள் வகுப்பறையில் மனப்பாடப் பட்டியலாகச் சுருங்கிவிட்டது. புலம்பெயர் இலக்கியத் திறனாய்வு பனியும் பனி சார்ந்த நிலமும் ஆறாம் திணை என்று பேசும்போதும், பிரிவுணர்வு பெறும் இடத்தை அந்நிலத்தின் மரமும் பறவையும் பெரும்பாலும் பெறுவதில்லை. இப்போக்கினால் நாம் இழப்பது யாது என்பதைச் சிங்கப்பூரை முன்வைத்து நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

லிட்டில் இந்தியாவின் தெருப்பெயர்களிலிருந்து தொடங்கலாம். பஃபலோ சாலையும், எருமையைக் குறிக்கும் மலாய்ச் சொல்லைத் தாங்கிய கெர்பாவ் சாலையும் அங்கு முன்னர் நிகழ்ந்த கால்நடை வாணிகத்தின் எச்சங்கள். நீர்வளமுடைய ரோச்சோர் தாழ்நிலம் அத்தொழிலுக்கு இடமளித்தது. எருமை மருதத்தின் கருப்பொருள். இன்று அதன் பெயர் மட்டுமே அங்கு உள்ளது. ஆனால் மருதத்துக்குரிய மற்றொரு விலங்கான நீர்நாய் மீண்டு வந்திருக்கிறது. பல்லாண்டுகள் காணப்படாதிருந்த அவ்விலங்கு 1990களின் இறுதியில் சுங்கை பூலோ சதுப்புநிலத்தில் மீண்டும் தோன்றியது. காலாங் ஆற்றின் கற்காரைக் கால்வாய் பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் வளைந்தோடும் ஆறாக மாற்றப்பட்டு 2012இல் திறக்கப்பட்டபின், அங்கும் நீர்நாய்க் குடும்பங்கள் காணப்பட்டன. காவிரியில் வாழ்வதும் இதே இனமே. ஆகவே, வாளைமீனை இரைதேடும் நீர்நாயைக் கற்பிக்கும் ஆசிரியர் உரைவிளக்கத்தை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை.

நெய்தலுக்கும் இது பொருந்தும். நற்றிணை 172ஆம் பாடலில், விளையாட்டாக மணலில் புதைத்த விதை முளைத்துப் புன்னையாகிறது. அதனை மகளிரின் உடன்பிறந்தாள் என்கிறாள் தாய். அதனால் அதன் நிழலில் தலைவனோடு நகைத்து மகிழ நாணுவதாகத் தோழி கூறுகிறாள். புன்னையை அறியாத மாணவருக்கு இது வெறும் கற்பனை நயம். சிங்கப்பூர்க் கடற்கரைக்குப் புன்னை இயல்பான மரம். தாழையும் கண்டலும் அவ்வாறே. 1960களில் ஏறத்தாழ 580 சதுர கிலோமீட்டராக இருந்த இந்நாட்டின் பரப்பு, கடலைத் தூர்த்தமையால் இன்று 730 சதுர கிலோமீட்டரைத் தாண்டியுள்ளது. அவ்வளவுக்குப் பழைய கரை மறைந்துள்ளது. புலாவ் உபின் தீவின் செக் ஜாவாவும் தூர்க்கப்படவிருந்தது. 2001இல் மக்கள் திரளாகச் சென்று, கடல் வற்றும் பொழுதில் அதன் உயிர்வளத்தைக் கண்டனர். ஆய்வாளரும் ஆர்வலரும் அதனைப் பதிவு செய்தனர். அதன்பின் அரசு அத்திட்டத்தை ஒத்திவைத்தது. நேரில் காண்பது ஒரு நிலத்தின் வாழ்வோடு தொடர்புடையது என்பதற்கு இது சான்று.

தமிழ்நிலத்துக்கு வகுத்த இலக்கணத்தை அயல்நிலத்தில் பொருத்தலாமா என்னும் வினா எழலாம். ஒரு நிலத்துப் பூவும் புள்ளும் பிறிதொரு நிலத்தில் வந்தால், வந்த நிலத்துக்குரியனவாகவே கொள்ளத் தொல்காப்பியம் இடமளிக்கிறது. எனினும், புன்னை நிற்பதனாலேயே ஓரிடம் நெய்தலாகிவிடாது. சங்கப் பெயர் பெறாத தெம்புசுவும், அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்து இந்நகரச் சாலைகளுக்கு நிழல்தரும் தூங்குமூஞ்சி மரமும் இந்நிலத்தின் கருப்பொருள்களே. பழைய பட்டியலை இங்குத் தேடுவதோடு நின்றுவிட்டால் இவற்றை நாம் காணத் தவறுவோம்.

திணை என்பது நிலத்தைக் கூர்ந்து கண்டவர்கள் உருவாக்கிய கோட்பாடு. அதனைக் கற்பிக்கும் நாம் பருவத்துக்கு ஒரு பாடவேளையையேனும் ஆற்றங்கரையிலோ கடற்கரையிலோ நடத்துதல் வேண்டும். மாணவர் தாம் கண்ட மரத்தின் தமிழ்ப்பெயரையும் மலாய்ப்பெயரையும் அறிந்தபின் பாடலைப் பயில்வாராயின், கருப்பொருள் மனப்பாடமாக நில்லாது. இந்நிலத்தை எழுதுவதற்குரிய மொழியாகவும் அமையும்.