தராசு முள்ளும் காப்பீட்டு விதியும்

ஒரு சிறு கணக்குடன் தொடங்குவோம். வாசகர்கள் தாளும் பென்சிலும் எடுத்துக் கொள்ளலாம். ஒருவருடைய உயரம் 165 செ.மீ.; எடை 96 கிலோ. உயரத்தை மீட்டராக மாற்றி, அதன் வர்க்கத்தால் எடையை வகுத்தால் 35.3 வரும். இதுவே உடல் நிறை எண். இவருக்குக் கடுமையான நீரிழிவும் உண்டு என்று வைத்துக் கொள்ளுங்கள். இரைப்பையைச் சுருக்கி எடையைக் குறைக்கும் அறுவை மருத்துவத்துக்கு, அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்கள் பலவும் கைக்கொண்டு வந்த அளவுகோலின்படி, இவர் தகுதியுள்ளவரே.

ஆனால் இன்னொரு நிபந்தனை இருக்கிறது. மருத்துவர் மேற்பார்வையில் மூன்று முதல் ஆறு மாதம் வரை உணவுக் கட்டுப்பாட்டில் இருந்து, மாதந்தோறும் எடையைப் பதிந்து காட்டுமாறு பல நிறுவனங்கள் கேட்டு வந்துள்ளன. நம் நோயாளி வாயைக் கட்டி மூன்று கிலோ குறைக்கிறார். மறுபடியும் வகுத்துப் பாருங்கள்: 34.2! எந்த நாளைய எடை செல்லும் என்பது அந்தந்த நிறுவனத்தின் விதியைப் பொறுத்தது. கடைசி நாள் எடையே செல்லும் என்றால், சொன்னபடி நடந்த குற்றத்துக்காகவே இவர் தகுதியை இழக்கிறார்.

இந்த 35 எங்கிருந்து வந்தது? 1991 மார்ச்சில் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் கூட்டிய வல்லுநர் மாநாடு, 40க்கு மேற்பட்டோருக்கும், கடும் நோய்கள் உடனிருந்தால் 35க்கு மேற்பட்டோருக்கும் இவ்வறுவையைக் கருதலாம் என்றது. அக்காலத்தில் வயிற்றை நீளமாகக் கீறித்தான் இதைச் செய்தார்கள். சிறு துளைகள் வழியே இரைப்பை மாற்றுவழி அறுவை செய்த செய்தி 1994இல்தான் வெளியாயிற்று. ஆகவே அன்றைய எச்சரிக்கையைக் குறை சொல்ல மாட்டேன். பின்னர் ஆபத்து வெகுவாகக் குறைந்த பிறகும் அதே எண்ணைப் பிடித்துக் கொண்டிருந்ததுதான் குறை.

அந்த எண்ணின் பிறப்பும் கவனிக்கத்தக்கது. பெல்ஜிய நாட்டு வானியலாரும் புள்ளியியலாருமான கெத்தலே, 19ஆம் நூற்றாண்டில் 'சராசரி மனித'னைத் தேடியபோது கண்ட விகிதம் இது. 1972இல் ஆன்செல் கீஸ் இதற்கு இன்றைய பெயரைச் சூட்டினார். மக்கள் கூட்டங்களை ஒப்பிட இது நல்ல கருவி. தனி மனிதரிடம் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு, அக்கொழுப்பு குடலைச் சுற்றியுள்ளதா, தொடையில் உள்ளதா என்று இது சொல்லாது. ஊராரின் சராசரிக் காலளவுக்குச் செருப்புத் தைத்துவிட்டு, பொருந்தாத காலைக் கோபிப்பதா?

உணவுக் கட்டுப்பாடு முழுவதும் வீண் என்று எண்ணிவிடாதீர்கள். அறுவைக்கு முன் இரண்டு முதல் நான்கு வாரம் வரை குறைந்த கலோரி உணவு கொடுப்பதற்குத் தக்க காரணம் உண்டு. கல்லீரலின் இடப்பகுதி இரைப்பையின் மேல் கவிந்திருக்கிறது. கொழுப்பேறிய கல்லீரல் சற்றுச் சுருங்கினால் மருத்துவருக்குக் கருவி செல்ல இடம் கிடைக்கும். இது அறுவையின் தேவை. ஆறு மாதக் காத்திருப்போ காப்பீட்டு அலுவலகத்தின் தேவை. அறுவைக்குப் பின் ஆயுள் முழுதும் உணவில் ஒழுங்கும், வைட்டமின், இரும்புச் சத்து மாத்திரைகளும் வேண்டும். ஆகவே மன உறுதியைச் சோதிக்கிறோம் என்பது நிறுவனங்களின் வாதம். கேட்க நியாயமாகவே இருக்கிறது. ஆனால் இத்தகைய கட்டாயத்துக்கு மருத்துவச் சான்று இல்லை என்று அமெரிக்க எடைகுறைப்பு அறுவை மருத்துவர் சங்கம் 2016இல் எழுத்து மூலம் தெரிவித்தது. அந்த ஆறு மாதமும் நீரிழிவு சும்மா இருப்பதில்லை.

2022இல் அதே சங்கமும் அனைத்துலகக் கூட்டமைப்பும் சேர்ந்து 1991ஆம் ஆண்டு எல்லைகளைத் திருத்தின. 35ஐத் தாண்டினால் வேறு நோய் இல்லாவிடினும் அறுவையைப் பரிந்துரைக்கலாம். ஆசிய மக்களுக்கு 27.5 போதும் என்றன. நம்மவருக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றுக் கொழுப்பும் நீரிழிவும் வந்துவிடுவதே இதன் காரணம்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் தரப்படுத்திய விதி வாசகத்திலும் பழைய 40, 35 எண்களே இடம்பெற்றன. 35 என்றால் கட்டுக்கடங்காத நீரிழிவு போன்ற கடும் நோயும் உடனிருக்க வேண்டும். மற்ற முறைகள் தோற்றிருக்கவும் வேண்டும். கடைசியாக ஒரு முறை பென்சிலை எடுங்கள். 165 செ.மீ. உயரமுள்ள தமிழர் ஒருவர், 2022ஆம் ஆண்டு வழிகாட்டிக்கு 75 கிலோவில் தகுதி பெறுகிறார். 2019ஆம் ஆண்டு வாசகத்துக்கோ, நோய் முற்றியிருந்தாலும், 95 கிலோவைத் தாண்ட வேண்டும்.