வாயில்லா ஜீவனுக்கு ஊசி வைத்தியம்: பள்ளிகளும் பயிற்சித் தரமும்

கொல்கத்தாவின் கார்டன் ரீச்சில் விலங்கு வளர்ப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் அங்குள்ள மெட்டியாபுரூஸ் நினைவுக்கு வராமல் இருக்காது. அவத் அரசைப் பறிகொடுத்து 1856-இல் கொல்கத்தா வந்த வாஜித் அலி ஷா, 1887-இல் மறையும்வரை இந்த ஹூக்ளிக் கரையில்தான் வாழ்ந்தார். புலி, பாம்பு, புறா என்று ஒரு பெரிய விலங்குக் காட்சிசாலையையே இங்கே வைத்திருந்தார். ஆற்றோடு இன்னும் கீழே போனால் அச்சிப்பூர். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் டோங் அச்சேவ் என்ற சீனர் கரும்பாலை வைத்துக் குடியேறிய ஊர் அது. சீனப் புத்தாண்டை ஒட்டி கொல்கத்தாச் சீனர்கள் இன்றும் அங்கே போய்க் கும்பிட்டு வருகிறார்கள்.

ஆனால் சீன ஊசி வைத்தியமான அக்குபங்சர் இந்த நகருக்கு வேறு வழியாக வந்தது. ஜப்பானியப் படையெடுப்பில் சிக்கிய சீனாவுக்கு 1938-இல் இந்தியா ஐந்து மருத்துவர்களை அனுப்பியது. அவர்களில் ஒருவரான கோட்னிஸ் அங்கேயே உயிர் நீத்தார். அதே குழுவில் போன கொல்கத்தா மருத்துவர் பிஜய் குமார் பாசு ஊர் திரும்பினார். 1950-களின் இறுதியில் மீண்டும் சீனா சென்று ஊசி வைத்தியம் கற்று வந்து, 1959 முதல் கொல்கத்தாவில் அதைக் கையாண்டார். இந்தியாவில் அக்குபங்சர் வேர்விட்டது அவரால்தான். மேற்கு வங்கம் 1996-இல் இதற்கென்று தனிச் சட்டமே இயற்றியது. பாசுவின் பெயரில் பயிற்சி நிறுவனமும் அமைந்தது.

இதெல்லாம் மனிதருக்கான ஏற்பாடு. நாய்க்கும் பூனைக்கும் ஊசி வைக்க ஒரு கால்நடை மருத்துவர் எங்கே, எப்படிக் கற்பது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

சீனாவில் விலங்குக்கு ஊசி குத்தும் வழக்கம் பழையது. யூ பென்யுவான், யூ பென்ஹெங் என்ற இரு சகோதரர்கள் தொகுத்த குதிரை வைத்திய நூல் 1608-இல் வந்தது. அந்த மரபின் கவனமெல்லாம் போருக்கும் ஏருக்கும் வேண்டிய குதிரை, மாடுகள்மீதுதான். வீட்டு நாய்க்கு அங்கே பெரிய இடம் இல்லை. அதனால், இன்று நாயின் உடலில் காட்டப்படும் புள்ளிகளில் பெரும்பாலானவை மனித உடலின் வரைபடத்திலிருந்து பெயர்த்து வைத்தவை. சிக்கல் தொடங்குவதே இங்கேதான். மனிதனுக்கு விலா எலும்பு பன்னிரண்டு இணை, நாய்க்குப் பதின்மூன்று. மனிதனின் இடுப்பு முள்ளெலும்பு ஐந்து, நாய்க்கு ஏழு. சீன மரபு சொல்லும் மண்ணீரல் நாடி என்ற பாதை மனிதனின் கால் பெருவிரலில் தொடங்குகிறது. பல நாய்களுக்குப் பின்னங்காலில் அந்த விரலே கிடையாது. அடுத்த விரலுக்கு அந்தப் புள்ளியை நகர்த்தி வைத்திருக்கிறார்கள். இப்படி நகர்த்தியதை வேதவாக்காகக் கற்பிக்காமல், ஏன் நகர்த்தினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லித்தரும் பள்ளியே நல்ல பள்ளி.

1970-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் மனிதருக்கு ஊசி வைப்பவர்கள்தான் கால்நடை மருத்துவர்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தார்கள். 1974-இல் சர்வதேச கால்நடை அக்குபங்சர் கழகம் உருவானது. வகுப்பு, எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு, மூத்தவரிடம் நேரடிப் பயிற்சி, நோயாளி விவர அறிக்கை ஆகிய எல்லாவற்றையும் முடித்தால்தான் சான்றிதழ் என்ற ஒழுங்கைக் கொண்டுவந்தது அதுதான். 1998-இல் ஹுய்ஷெங் ஷியே ஃபுளோரிடாவில் தொடங்கிய சி நிறுவனம் யின்-யாங், ஐம்பூதம், நாக்கு, நாடித்துடிப்பு என்று சீன மரபை முழுதாகக் கற்பிக்கிறது. கொலராடோவில் வளர்ந்த மற்றொரு மரபு, நாடிப் பாதையை விட்டு நரம்பையும் தசையையும் வைத்துப் பேசுகிறது. ஆஸ்திரியாவின் கோட்பவர் வழி தனி. மாட்டின் உள்ளுறுப்பைச் சீண்டி, தோலில் எந்த இடம் கூசுகிறது என்று தேடித் தேடிப் புள்ளிகளைக் குறித்தவர் அவர். எனக்கு அவர்மீது பெரிய மரியாதை உண்டு. மனித வரைபடத்தைக் கடன் வாங்காமல் விலங்கையே கேட்டவர் அவர்.

மூளைக்கு ஏற்றுவது ஒரு பாதி, கைக்குப் பழக்குவது மறு பாதி. இடுப்பு முள்ளெலும்பு முடிந்து திருவெலும்பு தொடங்கும் இடத்தில், முதுகின் நடுக்கோட்டில் விரலை வைத்தால் ஒரு பள்ளம் தட்டுப்படும். அதுதான் பை ஹுவெய். மிரளும் நாயை அமைதிப்படுத்தப் பலர் முதல் ஊசியை இங்கேதான் வைக்கிறார்கள். தலைமுடியைப் போல மெல்லிய ஊசி இறங்கியதும் தோல் ஒருமுறை துடிக்கும். சில நாய்கள் பெருமூச்சு விட்டுப் படுத்துவிடும். பத்து முதல் இருபது நிமிடம் ஊசி அப்படியே இருக்கும். விலாவுக்கு மேல் வைக்கும்போதுதான் கை நிதானம் தெரியும். சிறிய நாயின் மார்புச் சுவர் மெல்லியது; ஆழம் கொஞ்சம் கூடினாலும் நுரையீரலைத் துளைத்துவிடும். கட்டியின் மேலும் புண்ணின் மேலும் குத்தக் கூடாது. வலிப்பு உள்ள நாய்க்கு மின்னூசி (ஊசி வழியே மெல்லிய மின்னோட்டம் செலுத்துவது) வைப்பதில் எச்சரிக்கை வேண்டும். புத்தகத்தைப் படித்து மட்டும் இதைப் பழக முடியாது. பக்கத்தில் நின்று கையைத் திருத்தும் ஆசான் வேண்டும்.

பலன் உண்டா? 2010-இல் வந்த பிரேசில் ஆய்வு ஒன்று, முதுகுத்தண்டின் டிஸ்க் நழுவிக் கால் செயலிழந்த 40 நாய்களின் விவரத்தை ஒப்பிட்டது. மின்னூசி மட்டும் பெற்ற 19-இல் 15 தேறின. அறுவை மட்டும் பெற்ற 10-இல் தேறியவை 4. நம்பிக்கை தரும் கணக்குதான். ஆனாலும் அறுவை மட்டும் பெற்ற நாய்களின் விவரம் பழைய பதிவேடுகளிலிருந்து எடுத்தது; இந்த ஆய்வை வைத்து அறுவையைத் தள்ளிவைக்கச் சொல்வது பாவம். 2006-இல் ஹபாகர் குழு அதுவரை வந்த ஆய்வுகளை அலசி, எந்த நோய்க்கும் ஏற்கவோ மறுக்கவோ போதிய சான்று இல்லை என்றது. இந்த இரண்டையும் ஒரே வகுப்பில் மாணவருக்குக் காட்டாத பயிற்சியை நான் பயிற்சியென்று ஒப்ப மாட்டேன்.

இன்னொன்று: நொண்டும் நாய்க்கு எலும்புப் புற்று இருக்கலாம். எக்ஸ்ரே எடுக்காமல் ஊசி வைத்தால் வலி குறைந்ததுபோல் தோன்றும், நோய் உள்ளே முற்றும். அதனால்தான் முதலில் கால்நடை மருத்துவர், பிறகு அக்குபங்சர் என்ற வரிசை மாறக் கூடாது. நம் நாட்டின் 1984-ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டமும் பதிவு பெற்றவருக்கே தொழில் செய்ய உரிமை தருகிறது. மனிதருக்கு ஊசி வைக்கத் தேர்ந்தவர், எவ்வளவு வல்லவரானாலும், அந்தத் தகுதியால் நாய்க்கு வைத்தியராகிவிட முடியாது.

கொல்கத்தாவில் இதற்கு வேண்டிய இரண்டும் இருக்கின்றன. 1893-இல் தொடங்கிய பெல்காச்சியா கால்நடைக் கல்லூரி இன்று மேற்கு வங்க விலங்கு, மீன்வள அறிவியல் பல்கலைக்கழகமாக வளர்ந்து நிற்கிறது. பாசுவின் மரபில் தேர்ந்த ஊசிக் கைகளும் இதே நகரில் உண்டு. இருவரும் ஒரு மேசையில் உட்கார்ந்து, பட்டம் பெற்ற கால்நடை மருத்துவர்களுக்கென ஒரு பாடத்திட்டம் வகுக்க வேண்டும். தேர்வும் நேரடிப் பயிற்சியும் கண்டிப்பாக இருக்க வேண்டும். செய்த சிகிச்சையை, தோற்றதையும் சேர்த்து, எழுதி வைக்கும் பழக்கமும் வேண்டும்.

அதுவரை, செல்லப் பிராணி வளர்க்கும் வாசகர்கள் ஊசி வைக்க வருபவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். கால்நடைக் கவுன்சிலில் பதிவு உண்டா? அக்குபங்சரை யாரிடம், எவ்வளவு காலம் கற்றீர்கள்? என் நாய்க்கு என்ன நோய் என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள்? மூன்றுக்கும் நேரான பதில் வந்தால் மட்டும் நாயை மேசையில் ஏற்றுங்கள்.