பழைய டீசல் இயந்திரங்களை ஒழிக்கும் பணம்: பலனும் பழுதும்

அமெரிக்காவில் ஒரு நகராட்சி தன் பழைய புல்டோசரைக் கழித்துவிட்டு மத்திய அரசு மானியத்தில் புதியது வாங்கினால், பழையதை யாருக்கும் விற்க முடியாது. 90 நாட்களுக்குள் அதன் எஞ்சின் பிளாக்கில் 3 அங்குலத் துளை போட வேண்டும். சேஸியையும் அறுக்க வேண்டும். இரண்டையும் படம் எடுத்துச் சான்றாக அனுப்ப வேண்டும். 2005-இல் நிறைவேறிய டீசல் புகைக் குறைப்புச் சட்டத்தின் கீழ் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தரும் மானியத்துக்கு இதுதான் நிபந்தனை. ஓடுகிற எஞ்சினைக் காசு கொடுத்து உடைப்பது ஊதாரித்தனமாகத் தோன்றலாம். ஆனால் இந்தத் திட்டத்தில் உருப்படியான விதி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

டீசல் எஞ்சின் லேசில் சாகாது. ஒழுங்காக ஆயில் மாற்றினால் 30 ஆண்டுகளும் உழைக்கும். அந்த உழைப்புதான் வினை. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் புதிதாகத் தயாராகும் எஞ்சின்களுக்கே பொருந்தும். ஏற்கெனவே மண் அள்ளிக்கொண்டிருப்பவை பழையபடியே புகை கக்கும். அமெரிக்காவில் 1996-இல் வந்த முதல் கட்ட விதி, பெரிய புல்டோசர் வகை எஞ்சின்களுக்கு ஒரு கிலோவாட்-மணி வேலைக்கு 0.54 கிராம் புகைத்துகள் வரை அனுமதித்தது. 2014-இல் அதே அளவு எஞ்சின்களுக்கான வரம்பு 0.02 கிராம். நைட்ரஜன் ஆக்சைடுகளின் வரம்பு 9.2 கிராமிலிருந்து 0.40 ஆக இறங்கியது. விதிப் புத்தகக் கணக்கில், பழைய இயந்திரம் ஒரு மணி நேரத்தில் விடும் புகைத்துகளை விட்டுத்தீர்க்கப் புதியதற்கு 27 மணி நேரம் ஆகும். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் உறுதிசெய்தது. அதை முதலில் மூச்சில் இழுப்பவர் இயந்திரத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டர்தான். ஆக, பழையதை மாற்றுவதில் நியாயம் இருக்கிறது. மாற்றிய பழையது காயலான் கடை வழியாக இன்னொரு ஊரில் உயிர்பெற்றுவிட்டால் அந்த நியாயம் போய்விடும். துளை போடச் சொல்வது அதற்காகத்தான்.

கணக்குப் பார்ப்பதிலும் இந்தத் திட்டங்கள் கறாரானவை. கலிஃபோர்னியாவில் 1998 முதல் நடக்கும் கார்ல் மோயர் திட்டம், எத்தனை டன் மாசு குறைகிறது, அதற்கு என்ன செலவு என்று பார்த்தே பணம் தருகிறது. புகைத்துகளின் எடையை 20 மடங்காக எண்ணுகிறது. உடலுக்கு எது அதிகக் கேடோ அதற்கு அதிக மதிப்பு. சட்டம் ஏற்கெனவே கட்டாயமாக்கியதைச் செய்யப் பணம் கிடையாது. மத்திய மானியமோ, எப்படியும் 3 ஆண்டுகளுக்குள் மாற்றவிருந்த இயந்திரத்துக்குக் கிடையாது என்கிறது.

இனிப் பழுதுகள். எப்போது மாற்றவிருந்தோம் என்பதைச் சொல்லப்போவது மானியம் கேட்கும் அலுவலகமே. பணம் வரும் என்று தெரிந்தால், கழிக்க வேண்டிய கிரேடரை இன்னும் சில ஆண்டு ஓட்டத்தான் தோன்றும். நல்ல எண்ணத்தோடு சொந்தக் காசில் முன்கூட்டியே மாற்றிய ஊருக்கு ஒன்றுமில்லை. தள்ளிப்போட்ட ஊருக்குப் பரிசு.

இரண்டாவது, பங்குத் தொகை. புதிய டீசல் இயந்திரத்தின் விலையில் மத்திய மானியம் 25 சதவீதம் வரைதான் தாங்கும். மின்சார இயந்திரமானால் 45. மிச்சத்தை ஊர்தான் போட வேண்டும். பட்ஜெட்டில் இடமும், விண்ணப்பம் எழுத ஆளும் உள்ள நகரங்கள் முந்திக்கொள்ளும். மிகப் பழைய இயந்திரங்களை ஓட்டுவதோ, முக்கால் பங்கு போட வக்கில்லாத சிற்றூர்கள்.

மூன்றாவதை இயந்திரக் கொட்டகையில் பார்க்கலாம். புதிய எஞ்சின்கள் பலவற்றின் புகைப்போக்கில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. பிடித்த கரி எரிந்துபோகப் புகை நன்றாகச் சூடேற வேண்டும். அதற்கு எஞ்சின் பாரம் இழுக்க வேண்டும். நகராட்சி இயந்திரமோ பாதி நேரம் சும்மா உறுமிக்கொண்டு நிற்கும். வடிகட்டி அடைத்துக்கொள்ளும், எச்சரிக்கை விளக்கு எரியும், வேலையை நிறுத்திவிட்டு எஞ்சினை வேகமாக ஓடவிட்டுக் கரியை எரிக்க வேண்டியிருக்கும். ஆபரேட்டர் அதை நாளைக்கு நாளை என்று தள்ளிப்போட்டால், ஒருநாள் இயந்திரம் தானாகவே சக்தியைக் குறைத்துக்கொள்ளும். ஸ்பேனரோடு வளர்ந்த மெக்கானிக்கால் அதைச் சரிசெய்ய முடியாது. லேப்டாப் வேண்டும், பயிற்சி வேண்டும். மானியம் இயந்திரம் வாங்கத்தான்.

நான்காவதுதான் பெரிய பழுது. அரசு அலுவலகங்கள் சொந்தமாக வைத்திருப்பவை பராமரிப்பு வேலைக்கான இயந்திரங்கள். பாலம், மேம்பாலம், சுரங்கப்பாதை போன்றவற்றைக் கட்டுவது ஒப்பந்ததாரர்களின் இயந்திரங்கள். சொந்தக் கொட்டகையில் பளபளக்கும் புது எஞ்சின். வேலை நடக்கும் இடத்தில் வாடகைக்கு வந்த பழைய பொக்லைன். கொட்டகையை மட்டும் சுத்தம்செய்து அறிக்கை எழுதிக்கொள்ளலாம். தெருவில் மூச்சு விடுகிறவருக்கு அதனால் பெரிதாக ஒன்றும் மாறாது.

நார்வேயின் ஓஸ்லோ நகரம் பிடித்த வழி வேறு. அது டெண்டர் நிபந்தனையைக் கையில் எடுத்தது. 2019-இல் ஊலாவ் ஃபெம்தெஸ் காத்தே என்ற தெருவை நடைபாதையாக மாற்றும் வேலையில் மின்சார இயந்திரங்களைக் கேட்டது. 2025 முதல் நகராட்சியின் கட்டுமானப் பணிகளில் புகையில்லா இயந்திரங்களே வேண்டும் என்றது. ஒப்பந்ததாரர் கேட்டதால் விற்பவர் கொண்டுவந்தார். ஆனால் நார்வேயின் மின்சாரம் பெரும்பாலும் நீர்மின்சாரம். பணியிடம் வரை கம்பி இழுக்கவும் வசதி உண்டு. அது இல்லாத ஊரில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற டீசல் ஜெனரேட்டர்தான் நிற்கும். கலிஃபோர்னியாவும் 2022 திருத்தத்தில் பழைய எஞ்சின்களுக்குப் படிப்படியாகத் தடை விதித்தது. 2024 முதல், விதிப்படி நடப்பதற்கான சான்றைப் பெறாமல் அரசு அமைப்புகள் ஒப்பந்தம் தரக்கூடாது என்றது.

இந்தியாவுக்கும் இதில் பாடம் உண்டு. கட்டுமான வாகனங்களுக்கான ஐந்தாம் கட்ட விதி 2025 ஜனவரி 1 முதல் வந்தாலும், அது புதியவற்றுக்கே. 15 ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் முதல் புதுப்பிக்கப்படுவதில்லை. ஆனால் இயந்திரத்தின் உழைப்பை ஹவர் மீட்டர்தான் சொல்லும். 15 ஆண்டில் கொஞ்சமே ஓடிய ரோலரைக் கழித்துவிட்டு, இரண்டு ஷிஃப்ட் ஓடும் ஒப்பந்ததாரர் இயந்திரத்தை விட்டுவிடுவது எந்தக் கணக்கிலும் சேராது.

மாற்றுத் திட்டம் வீண் என்று சொல்ல வரவில்லை. குடியிருப்புகளுக்கு நடுவே அதிக மணி நேரம் ஓடும் பழைய எஞ்சினை எடுத்து உடைப்பதற்குச் செலவிடும் பணம் நல்ல செலவு. ஆனால் அரசு அலுவலகம் தனக்காக வாங்கும் மானியம் எட்டுவது அதன் சொந்த இயந்திரங்களை மட்டும். டெண்டர் எட்டுவது அரசுக்காக உழைக்கும் அத்தனை இயந்திரங்களையும். டெண்டரில் எஞ்சின் தரத்தைக் கேட்காத அலுவலகம், மானியத்துக்கு விண்ணப்பிக்கும்போது முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி, அதை ஏன் கேட்கவில்லை என்பதுதான்.